எதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?
மின்னணுச் சாதனங்கள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1 டிபி எஸ்எஸ்டி வாங்க நினைக்கிறேன். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களைப் பார்த்தேன். இரண்டு பெட்டியிலும் ஒரே வேகம்தான் போட்டிருக்கிறது, ஆனால் விலை வேறு. கூடுதல் பணத்துக்கு உள்ளே என்ன கிடைக்கிறது?

பதில்: பெட்டியில் போட்டிருப்பது, டிஸ்க் கிட்டத்தட்ட காலியாக இருக்கும்போது ஆரம்பத்தில் மட்டும் கிடைக்கும் வேகம். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

விலை அதிகமான மாடலில் பெரும்பாலும் டிஎல்சி வகை ஃபிளாஷ், அதாவது தரவைச் சேமிக்கும் சிப், இருக்கும், குறைந்ததில் க்யூஎல்சி. டிஎல்சி ஒரு செல்லில், அதாவது சிப்பின் மிகச்சிறிய சேமிப்பு அறையில், 3 பிட் வைக்கிறது. அதற்கு 8 வெவ்வேறு மின்னழுத்த நிலைகள் போதும். க்யூஎல்சி 4 பிட் வைப்பதால் அதே செல்லில் 16 நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நிலைகளுக்கு இடையிலான இடைவெளி குறையக் குறைய எழுதுவது மெதுவாகிறது, செல் தேய்ந்து பிழை வருவதும் சீக்கிரம் நடக்கிறது. இதை மறைக்க, செல்களில் ஒரு பகுதியை ஒரு பிட் மட்டும் வைக்கும் தற்காலிகச் சேமிப்பாக, அதாவது எஸ்எல்சி கேஷாக, வைத்துக்கொள்கிறார்கள். அது நிரம்பும் வரை பெட்டியில் போட்ட வேகம் கிடைக்கும். நிரம்பியதும் உண்மையான வேகம் வெளியே வரும்.

சாம்சங்கின் இரண்டு சாட்டா (கேபிளில் இணைக்கும் பழைய வகை) மாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 870 எவோ டிஎல்சி, 870 க்யூவோ க்யூஎல்சி. இரண்டிலும் எழுதும் வேகம் நொடிக்கு 530 எம்பி என்றுதான் இருக்கும். 1 டிபி க்யூவோவில் கேஷ் அதிகபட்சம் 42 ஜிபி. அது தீர்ந்தால் வேகம் நொடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடுகிறது. இது ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு. 200 ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் நகலெடுத்தால் எவோ ஆறேழு நிமிடத்தில் முடிக்கும். க்யூவோவுக்கு முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்துக்குள் ஓடிவிடும், மீதி 158 ஜிபிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எவோவுக்கு 5 ஆண்டு வாரண்டி, க்யூவோவுக்கு 3 ஆண்டு.

ஆக, முடிவு உங்கள் வேலையைப் பொறுத்தது. அலுவலக வேலை, இணையம், அவ்வப்போது சில கோப்புகளைச் சேமிப்பது என்றால் 42 ஜிபியை ஒரே தடவையில் எழுதும் சந்தர்ப்பமே வராது, விலை குறைந்ததே போதும். விளையாட்டுகளைச் சேமித்து வைக்கும் இரண்டாவது டிஸ்க்குக்கும் அப்படியே. அங்கே எழுதுவது அரிது, படிப்பதுதான் அதிகம். வீடியோ எடிட்டிங், பெரிய தரவுத்தளம், ஒன்றுக்கு மேற்பட்ட மெய்நிகர் கணினிகள் என்றால் டிஎல்சிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் முதல் வாரத்திலேயே நேரமாகத் திரும்பி வரும்.

பலர் பயப்படுவது டிபிடபிள்யூ என்ற எண்ணைப் பார்த்துத்தான். வாரண்டிக் காலத்தில் மொத்தம் இத்தனை டெராபைட் எழுதலாம் என்பது அதன் பொருள். 1 டிபி எவோவுக்கு 600, க்யூவோவுக்கு 360. சாதாரணப் பயன்பாட்டில் ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதுவதே அதிகம். அப்படி எழுதினாலும் ஆண்டுக்கு 11 டிபிதான் ஆகும், 360 தீர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். உங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ள கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, இதுவரை எழுதப்பட்ட மொத்த அளவையும் டிஸ்க் ஓடிய மணி நேரத்தையும் பாருங்கள். எழுதிய அளவை மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு எவ்வளவு எழுதுகிறீர்கள் என்று தெரியும். எனவே டிபிடபிள்யூவுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கேஷ் தீர்ந்த பிறகும் நிற்கும் வேகத்துக்காகக் கொடுங்கள்.

இன்னொரு வேறுபாடு டிராம் என்ற வேக நினைவகம். எந்தத் தரவு எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி தன்னுள் இருக்கும் டிராமில் வைத்துக்கொள்ளும், 1 டிபிக்குச் சுமார் 1 ஜிபி என்ற கணக்கில். விலை குறைந்தவற்றில் அது இருக்காது. மதர்போர்டில் நேராகச் செருகும் வேகமான என்விஎம்இ வகையில் இது பெரிய குறையல்ல. அவை கணினியின் ரேமிலிருந்து சில பத்து எம்பியைக் கடன் வாங்கிச் சமாளிக்கின்றன. சாட்டாவுக்கு அந்த வசதி இல்லை. டிராம் இல்லாத சாட்டா எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டால், டிஸ்க் நிரம்ப நிரம்பத் திணறல் தெரியும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நொடிக்கு 10,000 எம்பிக்கு மேல் ஓடும் ஜென் 5 (ஐந்தாம் தலைமுறை இணைப்பு) என்விஎம்இ டிஸ்க்கை வீட்டுக் கணினிக்கு வாங்க எந்த அவசியமும் இல்லை. கணினி தொடங்குவதும் மென்பொருள் திறப்பதும் அங்கங்கே இருக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிப்பதால் நடக்கும் வேலை. அதில் ஜென் 3-க்கும் ஜென் 5-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் உணர முடியாது. சூடு மட்டும் கூடும், அதற்குத் தனி ஹீட்சிங்க்கும் தேவைப்படும். அந்தப் பணத்தில் ஜென் 4-லேயே இரு மடங்கு கொள்ளளவு வாங்கலாம். காலியிடம் அதிகமாக இருந்தால் கேஷும் பெரிதாகவே இருக்கும். 15 முதல் 20 சதவீதம் வரை எப்போதும் காலியாக விட்டுவையுங்கள்.

பழைய விமர்சனத்தை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம். மாடல் பெயரை மாற்றாமலே உள்ளே இருப்பதை மாற்றுவதுண்டு. க்ரூஷியல் பி2 டிஎல்சியோடு வெளிவந்து, 2021-ல் அதே பெயரில் க்யூஎல்சியோடு விற்கப்பட்டது. அண்மைக்கால விமர்சனத்தில், டிஸ்க் முழுவதையும் நிரப்பிச் சோதித்த வரைபடம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுக் குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன. எவ்வளவு விலையானாலும் பரவாயில்லை, பழுதாகாத ஒரே நல்ல டிஸ்க்கைச் சொல்லுங்கள்.

பதில்: அப்படி ஒரு டிஸ்க் கிடையாது. அதே பணத்தில் இரண்டு சாதாரண டிஸ்க்குகள் வாங்குங்கள், முடிந்தால் மூன்று.

லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளை இயக்கும் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் தன் பழுதுக் கணக்கை வெளியிட்டு வருகிறது. அதில் ஆண்டுப் பழுது விகிதம் பொதுவாக 1 முதல் 2 சதவீதத்துக்குள் இருக்கிறது. 2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு டிஸ்க்கும் ஒரே ஆண்டில் பழுதாக 0.04 சதவீத வாய்ப்புதான். ஒரு டிஸ்க்கின் விலையை எவ்வளவு ஏற்றினாலும் இந்த எண்ணை எட்ட முடியாது. விலை அதிகமான டிஸ்க்குக்கு 5 ஆண்டு வாரண்டி இருக்கலாம். அது புது டிஸ்க்கைத் தரும், படங்களைத் தராது.

‘தொடர்பில்லாத’ என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டிக்குள், ஒரே மின் இணைப்பில் வைத்தால் மின்னழுத்தம் ஒருமுறை திடீரென்று எகிறினாலே இரண்டையும் கொண்டுபோய்விடும். ஒரே நாளில் ஒரே மாடலை இரண்டாக வாங்கினால் ஒரே தயாரிப்புத் தொகுதியின் குறை இரண்டிலும் இருக்கக்கூடும். இரு வேறு நிறுவனங்களின் டிஸ்க்குகளை வாங்குங்கள். ஒன்றை வேறு வீட்டிலோ அலுவலகத்திலோ வையுங்கள்.

இந்த வேலைக்கு எஸ்எஸ்டி வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கே சரி. ஃபிளாஷ் செல்லில் இருப்பது சேமித்த மின்னூட்டம், மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது கசியும். சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு சாதாரண எஸ்எஸ்டியிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், 30 டிகிரி சூட்டில், மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தரவு நிற்க வேண்டும். புதிய டிஸ்க்கில் இதைவிட மிக அதிகக் காலம் நிற்கும் என்றாலும், அலமாரியில் வைத்து மறக்கும் பொருள் அது அல்ல. பென் டிரைவ் இன்னும் மோசம். அதில் எந்தத் தரத்து ஃபிளாஷ் இருக்கிறது என்று யாரும் சொல்வதே இல்லை.

நகலெடுத்ததும் விட்டுவிடாதீர்கள். நகலைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும் வசதி உள்ள மென்பொருளைப் பயன்படுத்துங்கள், டெராகாப்பியில் அது இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு டிஸ்க்கையும் இணைத்து, கோப்புகளின் செக்சம்மை, அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்ணை, சரிபாருங்கள். சில கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் நான்கு டிஸ்க் போடும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வைத்திருக்கிறேன். நாஸுக்கென்றே விற்கும் டிஸ்க்குகளின் விலை சாதாரண டிஸ்க்கைவிட அதிகம். இது வெறும் ஸ்டிக்கர்தானா?

பதில்: இல்லை, இங்கே கூடுதல் விலைக்குப் பொருள் இருக்கிறது. மூன்று காரணங்கள், முதல் காரணம்தான் மிக முக்கியம்.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் 2 முதல் 8 டிபி வரை உள்ள பல மாடல்கள் எஸ்எம்ஆர் வகை. கூரை ஓடுகள்போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் சற்று ஏறி நிற்கும்படி எழுதுவார்கள். இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் அதையடுத்து ஏறி நிற்கும் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அதனால் புதிதாக வருவதை டிஸ்க் முதலில் ஒரு தனிப் பகுதியில் போட்டுவைத்து, ஓய்வு கிடைக்கும்போது ஒழுங்குபடுத்துகிறது. நாஸில் ஒரு டிஸ்க் பழுதாகிப் புது டிஸ்க் போட்டால், மற்ற டிஸ்க்குகளிலிருந்து தரவை மறுபடி உருவாக்கும் மீள்கட்டுமானம் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் இடைவிடாமல் எழுதும். எஸ்எம்ஆர் டிஸ்க்குக்கு ஓய்வே கிடைக்காது. வேகம் அதல பாதாளத்துக்குப் போய், பதில் தரத் தாமதமாகி, இதுவும் பழுது என்று நாஸ் அதை வெளியேற்றிவிடலாம். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது இதனால்தான். அதன் பிறகு நிறுவனம் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத வகை) டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பெயரிட்டது. ஆகவே ‘நாஸ்’ என்ற சொல்லை மட்டும் பார்க்காமல், அந்த மாடல் எண் சிஎம்ஆரா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, பிழைத் திருத்த நேரம். படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் சாதாரண டிஸ்க் நீண்ட நேரம் முயன்றுகொண்டே இருக்கும். தனியாக இருக்கும்போது அது நல்லது. நாஸில், மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தத் தரவை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் சுமார் 7 நொடியில் கைவிடுவதே நல்லது. நாஸ் டிஸ்க்கின் ஃபர்ம்வேர், அதாவது அதனுள்ளேயே ஓடும் மென்பொருள், அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது வேலைப்பளு. படிப்பதும் எழுதுவதும் சேர்த்து டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு ஆண்டுக்கு 55 டிபி என்றால் நாஸ் டிஸ்க்குக்கு 180 டிபி.

அதற்கு மேலே இருக்கும் ‘புரோ’ வகைக்குப் போக வேண்டியதில்லை. அவற்றின் அளவு ஆண்டுக்கு 300 டிபியும் அதற்கு மேலும். 180 டிபி என்பதே ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 490 ஜிபி. வீட்டு நாஸ் அதைத் தொடாது. எட்டுக்கு மேல் டிஸ்க்குகள் ஒன்றாக அதிரும் பெரிய பெட்டிக்குத்தான் புரோ.

யூஎஸ்பி வழியாக வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்கும் தனி டிஸ்க்குக்கு எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும்.

கேள்வி: கண்காணிப்பு கேமராவில் போட்ட மெமரி கார்டு ஓராண்டுகூடத் தாங்குவதில்லை. அதிக வேகக் கார்டு வாங்கினால் சரியாகுமா?

பதில்: வேகம் இதற்குத் தீர்வல்ல. கேமராவுக்கு நொடிக்கு 1 எம்பி போதும். வி90, ஏ2 என்ற முத்திரைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஏ2 என்பது ஃபோனிலும் சிறு கணினிகளிலும் செயலிகளை ஓட்டுவதற்கானது. வி90 உயர்தர வீடியோ எடுக்கும் கேமராக்களுக்கானது.

கணக்கைப் பாருங்கள். 8 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா நொடிக்கு 1 எம்பி, நாளுக்கு 86 ஜிபி எழுதுகிறது. 64 ஜிபி கார்டு நாளொன்றுக்கு 1.35 தடவை முழுவதுமாக அழிந்து எழுதப்படுகிறது. ஓராண்டில் கிட்டத்தட்ட 490 தடவை. இதோடு கேமராவின் சூடும் சேர்ந்தால் சாதாரணக் கார்டு தேய்வதில் வியப்பில்லை. பல தயாரிப்பாளர்கள் சாதாரணக் கார்டுகளை இடைவிடாத பதிவுக்குப் பயன்படுத்தினால் வாரண்டி இல்லை என்றே நிபந்தனையில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று விற்கும் கார்டை வாங்குங்கள். இங்கே கூடுதல் விலை முழுக்க நியாயம். பெட்டியில் எத்தனை மணி நேரப் பதிவு என்று போட்டிருக்கும், அதை 8,760-ஆல் வகுத்தால் ஆண்டுக் கணக்கு வரும். கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் தேய்மானம் பாதியாகும். 128 ஜிபியில் 490 என்பது 245 ஆகிவிடும். அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி கேமராவை அமைத்தால் இன்னும் குறையும்.

போலிக் கார்டுகளும் ஏராளம். 32 ஜிபி கார்டின் ஃபர்ம்வேரை மாற்றி 1 டிபி என்று காட்டச் செய்திருப்பார்கள். உண்மை அளவு நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காணாமல் போகும், அல்லது பழையதன் மேல் விழும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள் கார்டை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துச் சொல்லிவிடும். 128 ஜிபி கார்டை நொடிக்கு 20 எம்பி வேகத்தில் நிரப்ப 1 மணி 47 நிமிடம் ஆகும். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: புதுக் கணினி சேர்க்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கே பெரும்பணம் போய்விட்டது. பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கணினியின் எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் போவது அதிலிருந்துதான். மற்ற எது பழுதானாலும் பெரும்பாலும் அதுவே போகும். பவர் சப்ளை மோசமாகப் பழுதானால் மதர்போர்டையும் டிஸ்க்குகளையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகள் திறன் அளவு மட்டுமே, பாதுகாப்புக்கான சான்று அல்ல. பாதிச் சுமையில், 115 வோல்ட் சோதனையில் பிரான்ஸ் 85, கோல்டு 90, டைட்டானியம் 94 சதவீதம் தர வேண்டும். 300 வாட் சுமையில் கோல்டு 333 வாட் இழுக்கும், டைட்டானியம் 319. நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் ஓராண்டில் மிச்சமாவது 31 யூனிட் மின்சாரம். உங்கள் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள், பெரும்பாலான வீடுகளில் டைட்டானியத்தின் கூடுதல் விலை திரும்ப வராது. நல்ல கோல்டு போதும்.

கேட்க வேண்டியவை வேறு. முதலில் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். 600 வாட் என்று பெரிதாகப் போட்டு, 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றிருந்தால் அது உண்மையில் 360 வாட் சப்ளை. இன்றைய ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுப்பதெல்லாம் 12 வோல்ட்டில்தான். அந்தப் பெருக்கல் தொகை, மேலே போட்டிருக்கும் வாட்டுக்கு மிக அருகில் வர வேண்டும்.

அடுத்து கெப்பாசிட்டர், மின்னூட்டத்தைத் தேக்கி மின்சாரத்தைச் சீராக்கும் உறுப்பு. 105 டிகிரிக்கு 2,000 மணி நேரம் என்று தரப்படுத்திய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறக்குறைய இரட்டிக்கும். 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம், நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் பதினோரு ஆண்டு. அதே 2,000 மணி நேரத்துக்கு 85 டிகிரி ரகத்தைப் போட்டால் 8,000 மணி நேரம்தான், மூன்று ஆண்டுகூட வராது. இரண்டும் முதல் நாளில் ஒன்றுபோலவே வேலை செய்யும். கடையில் உங்களால் திறந்து பார்க்க முடியாது, அதனால் வாரண்டி ஆண்டுகளைப் பாருங்கள். 7 முதல் 10 ஆண்டு தருகிறவர் 85 டிகிரி ரகத்தைப் போட்டுத் தப்பிக்க முடியாது.

மூன்றாவது, மின்சாரம் அறுபட்டதும் எத்தனை மில்லிநொடி தாங்கும் என்பது. யூபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லிநொடி ஆகும். சப்ளை அதற்குள் கைவிட்டால், யூபிஎஸ் இருந்தும் கணினி மறுபடி தொடங்கும். யூபிஎஸ்தான் சரியில்லை என்று பலர் அதை மாற்றிவிட்டு ஏமாறுகிறார்கள். பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை இந்த நேரத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. புதிய கிராஃபிக்ஸ் கார்டுகள் கண நேரத்துக்கு இழுக்கும் மின் பாய்ச்சலையும் அது கணக்கில் எடுக்கிறது. 100 மைக்ரோநொடிக்கு இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்பது விதி. பெரிய கார்டு என்றால் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பிந்தையதையே எடுங்கள்.

எவ்வளவு வாட்? ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டின் உச்ச வாட்டையும் கூட்டி, மற்றவற்றுக்கு 100 சேர்த்து, அதில் மூன்றில் ஒரு பங்கை மேலே வையுங்கள். அதற்கு மேல் வாங்குவது வீண்.

கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள சப்ளை என்றால் ஓர் எச்சரிக்கை. சப்ளை பக்கம் இருக்கும் செருகிக்குப் பொது விதி இல்லை. பழைய சப்ளையின் கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து எல்லா டிஸ்க்குகளும் ஒரே நொடியில் எரிந்துபோகலாம். சப்ளையை மாற்றினால் கேபிள்களையும் மாற்றுங்கள், ஒரே நிறுவனமாக இருந்தாலும் சரி. பழைய நான்கு ஊசிச் செருகியான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையைத் தவிருங்கள். உள்ளே கம்பிகள் இடம் மாறி ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்தது உண்டு.

கேள்வி: தங்க முலாம் பூசிய, விலை அதிகமான ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டால் படம் தெளிவாகுமா?

பதில்: ஆகாது. செல்வது எண்முறைச் சமிக்ஞை. அது சரியாகப் போய்ச் சேர்ந்தால் எந்தக் கேபிளிலும் படம் ஒன்றே. சேராவிட்டால் புள்ளிகள் மின்னும், திரை இருண்டு இருண்டு வரும். நொடிக்கு 60 படம் ஓடும் 4கே-க்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ கேபிள், 120 படம் ஓடும் 4கே-க்கு 48 கிகாபிட் ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ கேபிள். பின்னதில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் இருக்கும். 5 மீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் ஒளியிழை வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், வேறு எதற்கும் வேண்டாம்.

கேள்வி: யூஎஸ்பி-சி கேபிள்கள் பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. விலை மட்டும் பத்து மடங்கு வரை வித்தியாசப்படுகிறது. எதை வாங்குவது?

பதில்: வடிவம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு வேறு. ஃபோன் சார்ஜ் செய்யும் கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0, தரவு வேகம் 480 மெகாபிட்தான். அதை வேகமான வெளி எஸ்எஸ்டிக்குப் போட்டால் நொடிக்கு 40 எம்பி அளவில்தான் போகும். எஸ்எஸ்டிக்கு 10 கிகாபிட் என்று குறித்த கேபிள் தேவை. 40 கிகாபிட் கேபிள் விலை அதிகம், அந்த வேகம் உள்ள சாதனம் இல்லாவிட்டால் அது வீண்.

மின்சக்தியில் இரண்டு படிகள். சிப் இல்லாத சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர், 60 வாட் வரை. அதற்கு மேல் 5 ஆம்பியர் போக, கேபிளின் முனையில் தன் தகுதியைச் சொல்லும் இ-மார்க்கர் சிப் கட்டாயம். இப்போதைய உச்சம் 240 வாட். லேப்டாப்புக்குச் சார்ஜ் மெதுவாக ஏறினால், சார்ஜரைக் குறை சொல்வதற்கு முன் கேபிளில் 240 வாட் என்றோ, பழையதாக இருந்தால் 100 வாட் என்றோ குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வகை ஏ முனையும் புது சி முனையும் உள்ள கேபிளில்தான் உண்மையான ஆபத்து. அதனுள் 56 கிலோஓம் மின்தடை இருக்க வேண்டும். தவறாக 10 கிலோஓம் போட்டால், எதிர்முனையில் 3 ஆம்பியர் தரும் சார்ஜர் இருப்பதாக ஃபோன் நம்பி இழுக்கும். அங்கே இருப்பதோ அரை ஆம்பியர் தரும் பழைய கணினியின் துளை. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015 முதல் இத்தகைய கேபிள்களைச் சோதித்து அம்பலப்படுத்தினார். 2016-ல் உள்ளே கம்பிகளையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பைப் பழுதாக்கிவிட்டது.

சார்ஜரில் மிச்சம் பிடிக்கவே கூடாது. வீட்டு மின்சாரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே இருப்பது அந்தச் சின்னப் பெட்டிக்குள் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காப்பும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். பெயர் தெரியாத மலிவுச் சார்ஜர்களில் அந்த இடைவெளியைத்தான் முதலில் குறைக்கிறார்கள். உங்கள் நாட்டின் கட்டாயப் பாதுகாப்பு முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். முத்திரை உள்ளவற்றில் விலை குறைந்ததையே எடுக்கலாம்.

கேள்வி: டேட்டா சென்டரில் ஓடிய பெரிய ஹார்ட் டிஸ்க்குகள் பாதி விலையில் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: இன்னொரு நகல் இருக்கும் தரவுக்கு வாங்கலாம். விற்பவர் குறைந்தது ஓராண்டு வாரண்டி தர வேண்டும். இணைப்பு சர்வர்களுக்கான சாஸா, சாட்டாவா என்று கேளுங்கள். சாஸ் டிஸ்க் சாதாரண மதர்போர்டில் வேலை செய்யாது. சில சாட்டா டிஸ்க்குகளை மூன்றாவது மின் ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் ஓடாமல் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். வந்த டிஸ்க் சுழலவே இல்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்த ஊசியை வெப்பம் தாங்கும் ஒட்டுநாடாவால் மூடினால் ஓடும்.

புதிது என்று சொல்லி விற்றால் கவனம். 2025 தொடக்கத்தில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் பதிவை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) அழித்துப் புதிதென்று விற்ற மோசடி வெளியே வந்தது. சீகேட் டிஸ்க்கில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு உண்டு. இலவச மென்பொருளான ஸ்மார்ட்மான்டூல்ஸின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பால் அதைப் படிக்கலாம். ஸ்மார்ட் காட்டும் ஓட்ட நேரமும் ஃபார்ம் காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால் உடனே திருப்பி அனுப்புங்கள்.

டிஸ்க் பழையதோ புதியதோ, தரவைப் போடும் முன் இதைச் செய்யுங்கள். ஸ்மார்ட் பட்டியலில் 05, 197, 198 ஆகிய மூன்று வரிகளின் (டிஸ்க்கில் கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய, திருத்த முடியாத இடங்களின் எண்ணிக்கை) மூல எண் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். பிறகு நீண்ட சுயசோதனையை ஓடவிடுங்கள், 8 டிபி டிஸ்க்குக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அடுத்து முழுக்க எழுதித் திரும்பப் படிக்கும் சோதனை: விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் பேட்பிளாக்ஸ். பேட்பிளாக்ஸின் எழுதும் சோதனை டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும், எனவே எந்த டிஸ்க்கைக் குறிப்பிடுகிறீர்கள் என்று இருமுறை பாருங்கள். அது நான்கு வடிவங்களை எழுதிப் படிப்பதால் 8 டிபிக்கு நான்கு நாளாகும். ஒரே வடிவம் என்று குறிப்பிட்டால் ஒரு நாளில் முடியும், அதுவே போதும். சோதனை நடக்கும்போது டிஸ்க்குக்குக் காற்றோட்டம் வேண்டும், சூடு 50 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். முடிந்ததும் அதே மூன்று வரிகளை மறுபடி பாருங்கள். 197 பூஜ்ஜியத்திலிருந்து நகர்ந்திருந்தால், எண் எவ்வளவு சிறியதானாலும், அந்த டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.